குளிசைப் பெட்டிக்குள் தமிழ் நுழையலாகாதா?

மாதவிடாய்க் கோளாறும் அதற்குக் கொடுக்கப்படும் ஓமோன் குளிசையும் ஓர் அரசியல் வார ஏட்டுக்குப் பொருளாகுமோ என்று நெற்றியைச் சுருக்குவோர் இருப்பர். "பெண்களின் சங்கதியை அடுப்படியோடு விட்டுவிட்டு நாட்டு நடப்பை எழுதுங்கள்" என்று எமக்கு உபதேசம் செய்யவும் சிலர் முன்வருவர். இனத்தின் செம்பாதி மாதந்தோறும் அனுபவிக்கும் ஒன்றை விலக்கி வைத்துவிட்டுப் பேசப்படும் நாட்டு நடப்பு எதுவோ, அதில் எமக்கு அக்கறை இல்லை என்பதே அவர்கட்கு எமது விடை. மொழியுரிமை, மொழியுரிமை என்று மேடை அதிர முழங்குகின்றோமே, அந்த உரிமை எந்த வாசலில் வந்து நின்றுவிடுகின்றது என்று பார்க்கப் புறப்பட்டபோதுதான் இப்பொருள் எம் கைக்கு வந்தது.

உடுவிலிலிருந்தே தொடங்குவோம். 1824 ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ அம்மையார் இவ்வூரிலே பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பாடசாலையை அமைத்தார். ஆசியாவிலேயே முதலாவது பெண்கள் விடுதிப் பாடசாலை அதுவே என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கின்றோம். 2024 இல் அதற்கு இருநூறு ஆண்டுகள் நிறைந்தன. அயலிலே மருதனார்மடத்தில் 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்காக நிறுவிய கல்லூரி நிற்கின்றது. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலத்தில் அவள் கையில் ஏட்டைக் கொடுத்த மண் இது. அப்படிப்பட்ட மண்ணில், படித்த பெண்ணொருத்தி மூன்று மாதமாக வராத மாதவிடாய்க்கென ஓர் அட்டைக் குளிசையை வாங்கிவந்து, பெட்டிக்குள் மடித்து வைத்த தாளை விரித்துப் பார்த்து, பொடி எழுத்தில் நிறைந்திருக்கும் ஆங்கிலத்தை விளங்க மாட்டாது திரும்ப மடித்து வைத்துவிடுகின்றாள். இருநூறு ஆண்டுக் கல்வி அந்தத் தாளின் ஓரத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றது.

பழியை முழுவதும் பிறர் தலையில் கட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. முதற்குற்றவாளிகள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றோம்.

எமது ஊர்களில் நடக்கும் சாமத்திய வீட்டைப் பாருங்கள். பிள்ளை பெரியபிள்ளையானாள் என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் நல்லெண்ணெயும் முட்டையும் உளுத்தங்களியும் வரிசையாக வருகின்றன. நாள் பார்த்துத் தண்ணீர் வார்க்கின்றார்கள். மண்டபம் எடுக்கின்றார்கள், மேளம் பிடிக்கின்றார்கள், அழைப்பிதழ் அச்சடிக்கின்றார்கள், கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் மாமன்மார் பறந்து வருகின்றார்கள், படம்பிடிப்பவர் அந்தப் பிள்ளையை மரத்தடியில் ஒருமுறையும் ஊஞ்சலில் ஒருமுறையும் நிறுத்தி வைத்துப் படம் எடுக்கின்றார். கடன்பட்டுச் செய்வோரும் உளர். இந்த ஆரவாரத்தை வேண்டாமென்று சொல்வதற்கு நாம் இவ்விடத்தில் வரவில்லை. அது வேறொரு நாள் வழக்கு. நாம் கேட்பது இதுதான்: முதல் உதிரத்தை ஊருக்கெல்லாம் அச்சடித்து அறிவிக்க வெட்கப்படாத நாம், அடுத்த ஐந்து மாதம் அது வராமற் போனால், அல்லது வந்தது பதினைந்து நாளாகியும் நில்லாமற் போனால், ஏன் வாயைப் பொத்திக்கொள்கின்றோம்? மண்டபம் நிறையக் கூடிய சுற்றத்தாரில் ஒருவரேனும் அப்பொழுது அப்பிள்ளையின் வெளிறிய முகத்தை நிமிர்த்திப் பார்க்கின்றனரா? "கலியாணம் கட்டினால் எல்லாம் சரியாகும்" என்று ஒரு மருந்து வைத்திருக்கின்றார்கள். அதைப்போன்ற பொய் மருந்தை எந்தப் பரியாரியும் இதுவரை அரைத்ததில்லை. கலியாணம் கட்டிய பின்னர் பிள்ளை தங்கவில்லை என்று அதே பெண்ணை ஏசுபவர்களும் அதே வாய்க்காரர்கள்தாம்!

உடலின் கணக்கை வெளிப்படையாகவே எழுதுகின்றோம். பருவமடைந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாதவிடாய் முன்பின்னாக வருவது பெரும்பாலும் இயல்பு. சூலகம் அப்பொழுதுதான் தொழில் பழகுகின்றது. ஒவ்வொரு மாதமும் சூல் வெளிப்படுவதில்லை. 21 நாளுக்கும் 45 நாளுக்கும் இடையில் வந்தால் அந்த வயதில் பதற வேண்டியதில்லை. வளர்ந்த பெண்ணுக்கு அது 35 நாளளவுக்குள் அடங்கிவிடும். மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலோ, எட்டு நாளுக்கு மேல் நில்லாவிட்டாலோ, மணிக்கொரு துணி நனையும் அளவுக்குப் போனாலோ, 15 வயதாகியும் முதல் மாதவிடாயே வராவிட்டாலோ, காரணத்தைத் தேடியே ஆகவேண்டும்.

காரணங்கள் பல. கருவுற்றிருக்கலாம், முதலில் பார்க்கவேண்டியதும் அதுவே. தைரொயிட் சுரப்பி மந்தமாயிருக்கலாம். உடல் இளைத்தமை, மனவேதனை, பரீட்சைப் பயம் ஆகியனவும் மாதவிடாயை நிறுத்தக்கூடும். சிறுமியொருத்திக்கு முதல் மாதத்திலிருந்தே குருதி கொட்டுமாயின் குருதி உறைவதில் பிறவிக் குறை இருக்கலாம். நாற்பத்தைந்தைக் கடந்தவளுக்குக் கண்டபடி குருதி கண்டால் கருப்பையின் உட்போர்வையில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யவேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, சூலகத்தில் சிறு நீர்க்கட்டிகளோடு சேர்ந்து காணப்படும் ஓமோன் கோளாறு ஒன்று உண்டு. பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேருக்கு அது இருப்பதாகவும், அவர்களுள் நூற்றுக்கு எழுபது பேர்வரை அதனை அறியாமலே வாழ்வதாகவும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. முகத்தில் மயிர் வளர்வதையும் பருக்கள் எழுவதையும் உடல் பருப்பதையும் கண்டு கேலி பேசும் எமது ஊர், அது நீரிழிவுக்கும் வழிவிடும் ஒரு நோய் என்பதை அறியாது.

இங்கேதான் ஓமோன் குளிசை வருகின்றது. அதை நஞ்சு என்று ஓலமிடுவோர் ஒரு புறம். சர்வரோக நிவாரணி என்று விழுங்குவோர் மறுபுறம். இரு சாராரும் அது செய்யும் வேலையை அறியார். ஈஸ்திரோஜன் என்னும் ஓமோன் கருப்பையின் உட்போர்வையைத் தடிக்கச் செய்கின்றது. சூல் வெளிப்பட்ட பின்னர் புரோஜெஸ்தரோன் சுரந்து அப்போர்வையைப் பக்குவப்படுத்துகின்றது. சூல் கருக்கொள்ளாவிடின் இரண்டும் வீழ்ச்சியடைய, போர்வை கழன்று உதிரமாக வெளிப்படுகின்றது. சூலே வெளிப்படாத பெண்ணுக்குப் புரோஜெஸ்தரோன் சுரப்பதில்லை. போர்வை மட்டும் மாதக்கணக்காகத் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் இப்படியே விட்டால் அதில் புற்றுநோய் தோன்றவும் கூடும். ஆகவே வைத்தியர் புரோஜெஸ்தரோன் வகைக் குளிசையை ஐந்து முதல் பத்து நாள் வரை கொடுத்து நிறுத்துகின்றார். நிறுத்திய சில நாளில் குருதி வருகின்றது. அல்லது இரண்டு ஓமோன்களும் சேர்ந்த கருத்தடைக் குளிசையையே மாதந்தோறும் எடுக்கச் சொல்கின்றார். கலியாணமாகாத பிள்ளைக்குக் கருத்தடைக் குளிசையா என்று தாய் துடித்துப்போகின்றாள். அவளிடம் யாரேனும் ஐந்து நிமிடம் தமிழில் பேசியிருந்தால் அந்தத் துடிப்புக்கு இடமேது? அந்த மருந்து அப்பிள்ளையின் கருப்பையைக் காக்கின்றது. சோகை பிடிக்காமல் தடுக்கின்றது.

ஆயினும் குளிசையை நிறுத்தியதும் வருகின்ற குருதி, நோய் தீர்ந்ததற்கு அடையாளமன்று. அது குளிசை வரவழைத்த குருதி. தைரொயிட்டோ நீர்க்கட்டியோ இருந்த இடத்திலேயே இருக்கும். இதைச் சொல்லாமல் அட்டையை மட்டும் கொடுத்து அனுப்பினால், "வந்துவிட்டது, சுகமாகிவிட்டது" என்று அவள் மகிழ்ந்து போவாள். மூன்று மாதத்தின் பின் பழைய அட்டையின் வெற்றுத் தகட்டைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் நீட்டுவாள். கடைக்காரர் பெயரை வாசித்துவிட்டு எடுத்துக் கொடுப்பார். வைத்தியர் எழுதித் தந்தாலன்றிக் கொடுக்கலாகாத மருந்து, இருமல் மிட்டாயைப்போலக் கண்ணாடி மேசையைத் தாண்டிக் கைமாறும். கருவுற்றிருக்கின்றாயா, காலில் எப்போதேனும் குருதி கட்டியதுண்டா, ஒற்றைத் தலைவலி வரும்போது கண் மின்னுகின்றதா, இரத்த அழுத்தம் உண்டா என்ற கேள்விகளைக் கேட்க அங்கே நேரமும் இல்லை, மறைவும் இல்லை. பின்னால் ஐந்து ஆண்கள் வரிசையில் நிற்கின்றார்கள். அவள் தலையைக் குனிந்து காசைக் கொடுத்துவிட்டு வெளியேறுகின்றாள்.

திருவிழாக் காலங்களில் இந்த வியாபாரத்துக்கு இன்னுமொரு வாசல் திறக்கின்றது. நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழா. இணுவிலில் மஞ்சத் திருவிழா. ஊர்தோறும் கொடியேற்றமும் தேரும். துடக்கு வந்துவிட்டால் கோயிலுக்குப் போகலாகாதென்று நாளைத் தள்ளிப்போடக் குளிசை போடுகின்றார்கள். நோரெதிஸ்தரோன் என்னும் அம்மருந்தை எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்னே தொடங்கி நாளுக்கு மூன்று வேளை எடுப்பது முறை. ஒழுங்காக மாதவிடாய் வருபவளுக்கே அந்தக் கணக்குப் பொருந்தும். எந்த நாளில் வருமென்றே தெரியாத பெண் எதற்கு மூன்று நாள் முன்னே தொடங்குவாள்? முன்னரே குழம்பிக் கிடக்கும் கணக்கு மேலும் குழம்புகின்றது. பிறகு அதைச் சரிப்படுத்த மறுபடியும் ஒரு குளிசை. அம்மருந்தின் ஒரு பகுதி உடலில் ஈஸ்திரோஜன் வகையாக மாறுவதனால், குருதி உறையும் தன்மையுள்ளவர்களுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். முருகன் கேட்டானா இந்தக் குளிசையை? கேட்டவர்கள் நாம். கோயிலுக்குப் போவதும் போகாததும் அவளவள் விருப்பம். ஆனால் விழுங்குவது இன்னதென்று அறிந்து விழுங்கட்டும்.

அறிந்து விழுங்குவது என்பது வானத்திலிருந்து விழுந்த உரிமையன்று. கடல் கடந்த நாட்டுப் பெண்கள் வாதாடிப் பெற்றது. நோரெதிஸ்தரோன் 1951 இல் மெக்சிக்கோ நகரத்து ஆய்வுகூடமொன்றில் காட்டுக் கிழங்கொன்றின் சத்தை மூலமாகக் கொண்டு ஆக்கப்பட்டது. அதே இனத்தைச் சேர்ந்த இனொவிட் என்ற குளிசைக்கு 1957 இல் அமெரிக்க அரசு முதன்முதல் அனுமதி அளித்தது. எதற்கென்று எண்ணுகின்றீர்கள்? மாதவிடாய்க் கோளாறுகளுக்கு! கருத்தடைக்கான அனுமதி 1960 இல்தான் வந்தது. இக்குளிசை எடுத்தால் சூல் வெளிப்படாது என்ற எச்சரிக்கை மருந்தோடு வந்தது. அந்நாட்டுப் பெண்கள் அதைத் தம் சொந்த மொழியில் அறிந்தார்கள். அறிந்ததும் இலட்சக்கணக்கானோர்க்கு ஒரே நேரத்தில் மாதவிடாய்க் கோளாறு ஏற்பட்டுவிட்டது! சிரிப்பதற்குரிய செய்திதான். ஆனால் எச்சரிக்கையை விளங்கிக்கொள்ள முடிந்தவர்கள் அதிலிருந்தே தமக்கு வேண்டிய வழியைக் கண்டுகொண்டார்கள் என்பதையும் கவனியுங்கள்.

பின்னர் குருதிக் கட்டியால் மரணங்கள் நிகழ்ந்தன. 1970 இல் அந்நாட்டு செனற் சபைக் குழு விசாரணை நடத்தியபோது, அங்கே சாட்சி சொல்ல அழைக்கப்படாத பெண்கள் பார்வையாளர் பகுதியில் எழுந்து நின்று, குளிசையை விழுங்குவோர் நாம், எம்மிடம் ஏன் சொல்லவில்லை என்று குரலெழுப்பினார்கள். அவ்வாண்டே கருத்தடைக் குளிசையோடு அதை எடுப்பவளுக்கென்றே எழுதிய தாளை வைக்கவேண்டுமென ஆணை பிறந்தது. உடுவிற் பெண் விரித்துப் பார்த்து மடித்து வைத்த தாள், அந்தப் பெண்களின் கூச்சலிலிருந்து பிறந்த வழக்கத்தின் வழிவந்ததே. எம்மிடம் வந்து சேர்ந்தபோது தாள் மட்டும் வந்தது. அவள் மொழி வரவில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்ததையும் சொல்லவேண்டும். ஈஸ்திரோஜனும் புரோஜெஸ்தரோனும் மிகுந்த அளவிற் சேர்ந்த குளிசைகள், வராத மாதவிடாயை வரவழைக்கவென இந்தியாவெங்கும் விற்கப்பட்டன. கரு உண்டோ இல்லையோ என்று அறியவும், உண்டாயின் கலைக்கவும் அவற்றை மக்கள் வாங்கி விழுங்கினர். கருவிலிருக்கும் பிள்ளைக்கு ஊறு நேரலாமென்ற அச்சத்தால் 1982 இல் அரசு தடைசெய்ய முற்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் ஏறி இடைக்காலத் தடையுத்தரவு பெற்றுக்கொண்டன. மகளிர் அமைப்புகளும் மனச்சாட்சியுள்ள வைத்தியர்களும் ஆண்டுக்கணக்காகப் போராடியபின் 1988 இல்தான் தடை நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டும் விற்பனை நடந்தது. மருந்துச்சீட்டு இன்றி, விளக்கம் இன்றி, மேசையைத் தாண்டி ஓமோன் கைமாறும் ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட அருகில் உள்ள பாடம் எமக்கு வேண்டுமா?

"வைத்திய விஷயத்தைத் தமிழில் எழுதினால் விளங்காது, சொற்கள் இல்லை" என்று சில படித்த பெருமக்கள் சொல்லக் கேட்கின்றோம். அவர்களை உடுவிலிலிருந்து நடந்துபோகும் தூரத்திலுள்ள மானிப்பாய்க்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் அங்கே மருத்துவமனை நடத்தினார், தமிழ் கற்றார், தம் மாணாக்கர்களைத் துணைக்கொண்டு மேலைநாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். உடலுறுப்பியலும் இரணவைத்தியமும் இரசாயனமும் ஆயிரக்கணக்கான பக்கங்களாகத் தமிழில் அச்சேறின. அவற்றுள் மிக முந்தியவற்றில் ஒன்று எது? பெண்ணின் உடலைப் பற்றிய பிரசவ வைத்திய நூல், ஆண்டு 1857. 1860களில் அவர் வைத்தியக் கல்வியையே தமிழில் நடத்தத் தொடங்கினார். அந்நியர் ஒருவருக்குக் கிடைத்த சொற்கள், பல்கலைக்கழகமும் வைத்திய பீடமும் வைத்திருக்கும் எமக்கு ஒரு தாள் அளவுக்குக்கூடக் கிடைக்காவா?

உடுவிலுக்கு மறுபக்கத்தில் இணுவில். அங்கே 1898 இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியொட் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டப் பெண்கள் நாணிய காலத்தில் பெண் வைத்தியர்களே நடத்திய மருத்துவமனை அது. அந்தப் பணிக்கென 1896 இல் இலங்கை வந்த மேரி என்ற கனேடிய வைத்தியர், இரட்ணம் என்ற தமிழரை மணந்த காரணத்தால் மிசனுக்கு வேண்டாதவரானார். மிசனாருக்கும் சாதி உண்டு போலும்! அவர் பின்னர் கொழும்பிலிருந்து பெண்களின் உடல்நலத்துக்கும் உரிமைக்கும் உழைத்து 1958 இல் மக்சேசே விருது பெற்றார். இந்த மூன்று ஊர்களும் ஒன்றையொன்று கூப்பிட்டாற் கேட்கும் போல் இருக்கின்றன. ஒன்று பெண்ணுக்கு எழுத்தைக் கொடுத்தது. ஒன்று வைத்தியத்துக்குத் தமிழைக் கொடுத்தது. ஒன்று பெண்ணுக்கு வைத்தியத்தைக் கொடுத்தது. மூன்றையும் சேர்த்து ஒரு தாளில் வைக்க எமக்குக் கை வரவில்லை.

1956 இல் எம் மொழியைச் சட்டத்தால் தள்ளி வைத்தார்கள். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று எழுதியது. பெயர்ப்பலகையில் ஓர் எழுத்துப் பிழைத்தால் எமது தலைவர்கள் அறிக்கை விடுகின்றார்கள். விடட்டும், அதுவும் வேண்டியதே. ஆனால் பலகையை வாசித்து எவரும் குருதிக் கட்டி வந்து சாவதில்லை. 2013 முதல் 2018 வரை வடமாகாண சபையிலே சுகாதாரம் எம்மவர் கையில் இருந்தது. நூற்றுக்கணக்கான தீர்மானங்கள் நிறைவேறின. பெண்ணொருத்தியின் மருந்துப் பெட்டியைப் பற்றிய தீர்மானம் அவற்றுள் ஒன்றேனும் உண்டா என்று கேட்கின்றோம். பெட்டிக்குள் எந்த மொழித் தாள் வரவேண்டும் என்று விதிப்பது கொழும்பிலுள்ள அதிகாரசபையின் வேலை என்பார்கள். சரி, அங்கே வாதாடுங்கள். அதற்கிடையில் எமது மருத்துவமனையிலும் கிளினிக்கிலும் கடையிலும் ஒரு தாளைத் தமிழில் அச்சிட்டுக் கையிற் கொடுக்க எந்த வல்லரசின் அனுமதி வேண்டும்?

சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் நாட்டில் நடக்கின்றது, நல்ல காரியம். ஆனால் அது முதன்மையாக 35 வயதை எட்டிய பெண்களை நோக்கியது. பதினாறு வயதுப் பிள்ளை தாயோடு வந்து கூச்சமின்றி உட்காரக்கூடிய ஒரு நாளையும் ஒரு மறைவான அறையையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஒதுக்கட்டும். மருந்துக்கடைகள் சீட்டின்றி ஓமோன் கொடுப்பதை நிறுத்தட்டும். வைத்தியர்கள் குளிசையின் பெயரோடு காரணத்தையும் ஒரு வரி தமிழில் எழுதட்டும். நாட்டு வைத்தியர்களை நாம் பழிக்கவில்லை. அவர்களும் தாம் கொடுக்கும் சூரணத்தில் இருப்பது இன்னதென்று சொல்லட்டும்.

தாளில் எழுதவேண்டியது அதிகமில்லை. மருந்தின் பெயர் இது. இன்ன காரணத்துக்காகத் தரப்படுகின்றது. இத்தனை நாள் எடுக்கவேண்டும். நிறுத்தி ஒரு வாரத்துக்குள் குருதி வரும், வராவிட்டால் திரும்ப வரவேண்டும். கருவுற்றிருக்கலாம் என்று ஐயமிருந்தால் முதலில் சொல்லவேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, நெஞ்சு நொந்து மூச்சுத் திணறினாலோ, பொறுக்கமுடியாத தலைவலி திடீரென வந்தாலோ, கண் மங்கினாலோ குளிசையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அச்சுக்கூலியை எண்ணி அதிகாரி எவரேனும் தயங்குவாராயின், இப்பந்தியை அப்படியே வெட்டியெடுத்துப் படியெடுத்துக் கொள்ளலாம். எமக்கு ஆட்சேபம் இல்லை.